கால் உளைவுக்குக் குளிசையைக் கூட்டலாமா, மெஷினை நிறுத்தலாமா?

அன்பான சகோதரிக்கு,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இதே பிரச்சினையோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கணவருக்கு 53 வயது, ஸ்கூல் வேன் ஓடுகிறார். எட்டு மாதத்துக்கு முன் கொழும்பில் நித்திரைப் பரிசோதனை செய்து, மணித்தியாலத்துக்கு 38 தரம் மூச்சுத் தடைப்படுகிறது, கடுமையான ஸ்லீப் அப்னியா என்று சொல்லி சீபாப் மெஷின், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கிற மெஷின், கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்பிருந்தே கால் உளைவு, மருத்துவத்தில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்கிற நோய். படுத்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது மாதிரி, அசைக்காமல் இருக்க முடியாது, எழும்பி நடந்தால் சரி, திரும்பப் படுத்தால் பழையபடி. அதற்குப் பிராமிபெக்ஸோல் தொடங்கி இரண்டு வருடமாகிறது. 0.125 மில்லிகிராமில் தொடங்கி 0.25, பிறகு 0.5 ஆகி, இப்போது 0.75 ஆக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். முதலில் இரவு பத்து மணிக்கு வந்த உளைவு இப்போது பின்னேரம் மூன்று மணிக்கே, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காக வேனுக்குள் காத்திருக்கும்போதே வருகிறது, கையிலும் வருகிறது. சாமம் இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்தில் நடக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் தான் பாவிக்கும் குளோனசிபாம் என்ற நித்திரைக் குளிசையில் பாதி கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

நீங்கள் கேட்டது மூன்று. குளிசையைக் கூட்டலாமா, நித்திரைக் குளிசை கொடுக்கலாமா, காலால்தான் நித்திரை கெடுகிறதென்றால் மெஷினை விட்டுவிடலாமா. மூன்றுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இன்றைக்கு இரவு உங்கள் வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளப் போவதில்லை, அதனால் என்ன செய்யலாம் என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிராமிபெக்ஸோல். மூளையில் டோபமின் என்ற இரசாயனம் செய்யும் வேலையை இந்தக் குளிசை செய்கிறது. தொடங்கிய முதல் வாரங்களில் அற்புதம் மாதிரி வேலை செய்யும், உங்கள் கணவருக்கும் அப்படித்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுக்கும்போது பலருக்கு அந்தக் குளிசையே நோயைக் கூட்டத் தொடங்குகிறது. இரவில் வந்தது பின்னேரத்தில் வரும், காலில் இருந்தது கைக்கும் பரவும், முன்பு அரை மணித்தியாலம் இருந்தால் வந்தது இப்போது ஐந்து நிமிடம் இருந்தாலே வரும். மருத்துவத்தில் இதை ஒக்மென்டேஷன் என்பார்கள். நீங்கள் எழுதிய மாற்றங்கள் ஒவ்வொன்றும் அதற்குள் அப்படியே பொருந்துகின்றன. இந்த நிலையில் அளவைக் கூட்டினால் சில வாரங்கள் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு இன்னும் மோசமாகும், அப்போது இன்னும் கூட்டவேண்டி வரும். 0.125 இலிருந்து 0.5 வரை வந்த கதை அதுதான்.

இதை எழுதிக் கொடுத்த டொக்டரைக் குறைசொல்ல வேண்டாம். அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று இதே வகையான ரோபினிரோலுக்கு 2005 இலும் பிராமிபெக்ஸோலுக்கு 2006 இலும் அனுமதி கிடைத்தது, அதன் பிறகு நீண்ட காலம் உலகம் முழுக்க முதல் மருந்தாக இவற்றைத்தான் கொடுத்தார்கள். நீண்ட நாள் பாவித்தவர்களைப் பார்த்த பிறகுதான் எண்ணம் மாறியது. 2025 இல் வந்த அமெரிக்க நித்திரை மருத்துவ அகடமியின் வழிகாட்டல், இந்த டோபமின் வகைக் குளிசைகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது, இரும்புச் சத்தையும் கபாபென்டின், ப்ரீகாபலின் வகை நரம்பு நோவு மருந்துகளையும் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். இதை வாசித்துவிட்டு இன்றைக்கே குளிசையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் உளைவு பல மடங்காகி, நாலைந்து நாள் கண்ணே மூடமுடியாமல் போகலாம், மனமும் சோர்ந்து பதற்றமாகிவிடும். அடுத்த மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு, டொக்டர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைக்கவேண்டும். எவ்வளவு மெதுவாகக் குறைத்தாலும் கடைசித் துண்டை நிறுத்தும் அந்த ஒரு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். அவர் பிள்ளைகளை ஏற்றி ஓடுகிறவர், அதனால் அந்த வாரத்தைப் பள்ளி விடுமுறைக்குள் வருகிற மாதிரி டொக்டரோடு கதைத்துத் திட்டமிடுங்கள்.

அப்புறம், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள் போல. ஒரு வருடமாகத் தினமும் லொத்தர் சீட்டு வாங்குகிறார், முன்பு அப்படிப்பட்ட ஆளில்லை, கேட்டால் கோபம் வருகிறது, வேன் லீசிங் காசிலும் கை வைத்துவிட்டார் என்று. சகோதரி, இதற்கு நிறையவே சம்பந்தம் இருக்கிறது. இந்த வகைக் குளிசை எடுக்கும் சிலருக்குச் சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது, அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, பாலியல் ஆசை கட்டுக்கடங்காமல் போவது என்று ஆசையை அடக்கமுடியாத நிலை வரும். எடுக்கிறவருக்கு அது குளிசையால் வருகிறது என்றே தெரியாது, வெட்கத்தில் டொக்டரிடமும் சொல்லமாட்டார். அவருடைய குணம் கெட்டுவிட்டது என்று நினைத்து நீங்கள் இருவரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். மருந்தைக் குறைத்து நிறுத்தும்போது பெரும்பாலும் இதுவும் அடங்கிவிடும். அதுவரை வங்கிப் புத்தகமும் கார்டும் உங்கள் கையில் இருக்கட்டும், அவரும் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே டொக்டரைப் பாருங்கள்.

சரி, இனி மூக்கடைப்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் இதுதான். மெஷின் போட்ட பிறகு மூக்கு அடைக்கிறது என்று பாமசியில் கேட்டு, தடிமனுக்கு எல்லாரும் போடுகிற பிரிட்டோன் (Piriton) குளிசையை, அதாவது குளோர்பெனிரமினை, எட்டு மாதமாக ஒவ்வொரு இரவும் போடுகிறார். மெஷின் வந்த நேரத்திலிருந்துதான் கால் இன்னும் மோசமானது என்று அதே பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெஷினின் காற்று அவருடைய காலை ஒன்றும் செய்யாது. அந்தக் குளிசை செய்யும். மயக்கம் தருகிற பழைய ஒவ்வாமை மருந்துகள் எல்லாமே, குளோர்பெனிரமின், புரோமெதசின், டைபென்ஹைட்ரமின், மூளைக்குள் போய்க் கால் உளைவைத் தூண்டிவிடும். இருமல் பாணிகள் பலவற்றுக்குள்ளும் இவை ஒளிந்திருக்கும், போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். ஆக மெஷினால் மூக்கு அடைக்கிறது, மூக்குக்குக் குளிசை, குளிசையால் கால் உளைவு, உளைவால் மாஸ்க் கழலுகிறது, மாஸ்க் இல்லாததால் மூச்சு நிற்கிறது, அதனால் விடிய எழும்பும்போது தலை பாரம். இந்தச் சுற்றை எங்காவது அறுக்கவேண்டுமென்றால் மிகச் சுலபமாக அறுக்கக்கூடிய இடம் அந்தச் சின்னக் குளிசைதான். இதை இன்றைக்கே நிறுத்தலாம்.

மூக்குக்கு வேறு வழி இருக்கிறது. படுக்கமுன் உப்புநீர் ஸ்பிரேயால் மூக்கைக் கழுவட்டும். போதாவிட்டால் டொக்டர் ஸ்டீராய்ட் மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுப்பார், அது காலைத் தொந்தரவு செய்யாது. பாமசியில் கிடைக்கும் மூக்கடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்தை மட்டும் நாட்கணக்கில் பாவிக்க வேண்டாம், விட்டதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். மெஷினில் ஈரப்பதன் தொட்டி இருந்தால் அதைப் போடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள், காய்ச்சி வடித்த நீர், அதாவது டிஸ்டில்ட் வாட்டர், நல்லது. எங்கள் கடற்கரைக் காற்றே ஈரம்தானே என்று பலர் அதை நிறுத்திவைப்பார்கள். ஏசி போட்டுப் படுத்தால் அறை வரண்டுதான் போகும். மாறாக குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம் போட்டால் ஈரத்தின் அளவைக் குறையுங்கள்.

கால் உளைவைக் கூட்டுகிற வேறு மருந்துகளும் உண்டு, அவருடைய கிளினிக் கொப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், நித்திரைக்கோ நோவுக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் பல குளிசைகள். மன அழுத்தக் குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது, டொக்டரிடம் காட்டுங்கள், போதும்.

அடுத்தது இரும்பு. ஹீமோகுளோபின் 13.2 இருக்கிறது, இரத்தம் குறைவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய்க்கு அந்த எண் போதாது. இரத்தத்தில் இரும்பு போதுமானதாக இருக்கும்போதே மூளைக்குள் குறைவாக இருக்கலாம், டோபமின் உண்டாக அந்த இரும்பு வேண்டும். பார்க்கவேண்டியது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கூடவே இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு. விடியச் சாப்பிடாமல் போய் எடுங்கள், இரும்புச் சத்துக் குளிசை எடுப்பவராக இருந்தால் முதல் நாள் விட்டுவிடுங்கள், காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது எடுக்க வேண்டாம், ஏனென்றால் அப்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். லாப் தாளில் 30 என்று வந்தால் பல இடங்களில் நோர்மல் எல்லைக்குள்தான் இருக்கும். கால் உளைவுக்காரருக்கு அது போதாது. ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழ், அல்லது டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 வீதத்துக்குக் கீழ் என்றால் இரும்பு கொடுக்கவேண்டும். 75 க்கும் 100 க்கும் இடையில் என்றால் வாயால் எடுப்பது பெரிதாக ஏறாது, நாளத்தில் ஏற்றுவதைப் பற்றி டொக்டர் யோசிப்பார், அது ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்யும் வேலை.

குளிசையாக எடுப்பதென்றால் 65 மில்லிகிராம் இரும்பு உள்ள ஒன்றை நாளுக்கொன்றாகவோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, வெறும் வயிற்றில், கொஞ்சம் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கலாம். தேத்தண்ணியோடு மட்டும் வேண்டாம். தேயிலை இரும்பை உடம்பில் ஏறவிடாது, முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். எங்கள் வீடுகளில் காலைச் சாப்பாட்டோடு குளிசை, கையோடு ஒரு பிளேன்ரீ என்றுதான் பழக்கம், அதில் பாதி இரும்பு வீணாகிவிடும். அவர் கேஸ்ரிக்குக்கு ஒமெபிரசோல் எடுக்கிறார் என்கிறீர்கள், அதுவும் இரும்பு ஏறுவதைக் குறைக்கும், இன்னும் தேவையா என்று கேளுங்கள். பலன் தெரிய மூன்று மாதம்வரை போகலாம், அப்போது ஃபெரிட்டினைத் திரும்பவும் பாருங்கள். பரிசோதிக்காமல் இரும்பு கொடுக்கத் தொடங்க வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்த் தன்மை உள்ள குடும்பங்கள் எங்கள் நாட்டில் இருக்கின்றன, அவர்களுக்குத் தேவையில்லாமல் இரும்பு சேர்வது கெடுதல். இன்னொன்று, 53 வயது ஆணுக்கு இரும்பு குறைந்திருந்தால் அது எங்கே போகிறது என்று தேடவேண்டும். மூலம், வயிற்றுப் புண், நோவுக் குளிசைகளால் வரும் கசிவு, குடலில் வேறு ஏதாவது. இரும்பைக் கொடுத்துவிட்டு அந்தத் தேடலை விட்டுவிடக் கூடாது.

பிராமிபெக்ஸோலுக்குப் பதிலாக டொக்டர் பெரும்பாலும் ப்ரீகாபலின் அல்லது கபாபென்டின் தொடங்குவார் என்று எதிர்பார்க்கிறேன். நல்ல மருந்துகள், நோயை முன்னுக்கு இழுக்காது, நித்திரையையும் ஆழமாக்கும். ஆனால் மூச்சு நிற்கும் நோயும் சேர்ந்து இருக்கிறவருக்கு இவற்றில் கவனம் வேண்டும். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், சுவாசப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் மயக்கம் தரும் மற்ற மருந்துகளோடு சேர்த்து எடுப்பவர்களுக்கும் இவை மூச்சை மந்தமாக்கலாம் என்று எச்சரித்தது. அதனால் எடுக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. மெஷினை ஒழுங்காகப் போடுகிறவருக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். ஆக, மெஷின் ஓடுவதால்தான் இந்த மருந்தைப் பயமில்லாமல் கொடுக்க முடிகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கிரியட்டினின் பார்த்துவிட்டே அளவு முடிவு செய்வார்கள். முதல் குளிசையை வெள்ளிக்கிழமை இரவு போடட்டும், சனி ஞாயிறில் தலைச்சுற்று, மந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திங்கட்கிழமை ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். சிலருக்கு உடம்பு போடும், நிறை கூடினால் அப்னியாவும் கூடும், ஆகவே மாதம் ஒரு தரம் நிறை பாருங்கள். மனச்சோர்வு வந்தாலும் உடனே சொல்லுங்கள்.

குளோனசிபாம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது காலை உண்மையில் குணப்படுத்துவதில்லை, ஆளை அமர்த்துகிறது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுத் தடை கூடும், தடைப்படும்போது விழித்துக்கொள்கிற திறனும் மங்கும். சாமத்தில் மாஸ்க்கையும் கழற்றிவிட்டுக் குளோனசிபாமோடு கிடந்தால் நிலைமை என்ன என்று யோசியுங்கள். உடம்பில் நீண்ட நேரம் நிற்கிற மருந்து அது, விடிய ஆறு மணிக்குப் பதினைந்து பிள்ளைகளை ஏற்றும்போதும் இரத்தத்தில் இருக்கும். ப்ரீகாபலினோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து. சாராயமும் அப்படியே, அது மூச்சையும் கெடுக்கும், காலையும் கெடுக்கும். சொந்தக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், நன்றி சொல்லிவிட்டு விடுங்கள்.

மெஷினைப் பற்றி. அதன் திரையில் 3, அதாவது மணித்தியாலத்துக்கு மூன்று தடைதான், என்று காட்டுகிறது, அப்னியா சரியாகிவிட்டது, இனி எதற்கு என்று அவர் கேட்கிறாராம். அந்த 3 மாஸ்க் முகத்தில் இருந்த நேரத்துக்கான கணக்கு மட்டும். பத்தரைக்குப் படுத்து இரண்டுக்குக் கழற்றினால் மிச்ச நேரத்துக்குக் கணக்கே இல்லை. கனவு காணும் நித்திரை விடியற்பக்கம்தான் கூடுதலாக வரும், பலருக்கு மூச்சு மிக மோசமாக நிற்பது அந்த நேரத்தில்தான். அவர் பாதுகாப்பில்லாமல் கிடப்பது சரியாக அந்த நேரத்தில். கால் உளைவு வந்து எழும்பும்போது மாஸ்க்கைக் கழற்றாமல் குழாயை மட்டும் கழற்றிவிட்டு நடக்கச் சொல்லுங்கள், அநேகமான மாஸ்க்குகளில் அப்படி முடியும். திரும்பி வந்து குழாயைக் கொழுவிப் படுத்தால் சரி. மாஸ்க்கை முழுதாகக் கழற்றினவர் அரைத் தூக்கத்தில் திரும்பப் போடுவது அபூர்வம். கரண்ட் போகிற இரவுகளுக்காக, அந்த மெஷினுக்குப் பொருந்தும் பட்டரி வசதி இருக்கிறதா என்று வாங்கிய இடத்தில் கேட்டுவையுங்கள். பட்டரியில் ஓடும்போது ஈரப்பதன் சூடாக்கியை நிறுத்தினால் நெடுநேரம் தாங்கும்.

மருந்தில்லாமல் செய்யக்கூடியவையும் சில இருக்கின்றன, பெரிய அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் மருந்து மாறும் இந்த மாதங்களில் கைகொடுக்கும். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம், சிகரெட் இருந்தால் அதுவும். பின்னேரம் கடற்கரையில் நடப்பது நல்லது, இரவில் கடும் உடற்பயிற்சி வேண்டாம். படுக்கமுன் கெண்டைக்காலை நீட்டி மடக்கி, சுடுதண்ணீர் வாளியில் கால் வைக்கலாம். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய்க் குளித்தால் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள், குளிக்கும்போதும் பிறகு கொஞ்ச நேரமும் சுகமாக இருக்கும், வீட்டு வாளியும் அதே சுகத்தைத் தரும். வேனில் காத்திருக்கும்போது உள்ளேயே இருந்து தாங்கிக்கொள்ள வேண்டாம், இறங்கி மதிலோரமாக நடக்கட்டும். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதென்றால் நடைபாதைப் பக்க ஆசனம் எடுங்கள்.

திருகோணமலை பொது ஆஸ்பத்திரி மெடிக்கல் கிளினிக்குக்குப் போகும்போது, எந்த நேரத்தில் உளைவு தொடங்குகிறது, எத்தனை மணிக்கு மாஸ்க் கழலுகிறது, எந்தெந்தக் குளிசை என்று ஒரு வாரத்துக்கு எழுதிய தாளையும், மெஷினின் மெமரி கார்டையும், லொத்தர் விஷயத்தையும் கட்டாயம் கொண்டுபோங்கள். அவர் சொல்லத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள். நரம்பியல் நிபுணரிடம் அனுப்பவேண்டுமா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். அதுவரைக்கும் நித்திரைத் தூக்கம் கண்ணைச் சுற்றுகிற காலையில் அவர் வேனை எடுக்கக் கூடாது, அன்றைக்கு வேறொருவரை ஓடச்சொல்லுங்கள், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக மகனைப் பற்றிக் கேட்டீர்கள். 16 வயது, படிக்க உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான், அப்பாவின் வருத்தமா என்று. இது குடும்பத்தில் ஓடுகிற நோய்தான், ஆனால் காலை ஆட்டுகிற எல்லாப் பிள்ளைக்கும் இது இருப்பதில்லை. ஆட்டாமல் இருந்தால் காலுக்குள் ஏதும் செய்கிறதா, இரவில் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா என்று அவனிடமே கேளுங்கள். மூன்றுக்கும் ஓம் என்றால் அவனுக்கும் ஃபெரிட்டின் எடுங்கள், வளர்கிற வயதில் இரும்பு குறைவது சாதாரணம், பெரும்பாலும் அதைச் சரிசெய்தாலே போதும். அப்பாவின் குளிசை எதையும் அவனுக்குக் கொடுக்க வேண்டாம்.